மணப்பாடு: அரைமணி நேரத்தில் பார்த்துத் திரும்பும் இடமில்லை

திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்டால் எல்லாரும் மணப்பாடு என்ற கடலோர ஊரைத்தான் கைகாட்டுவார்கள், தெற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான், அதனால் முக்கால்வாசிப் பேர் முருகனைக் கும்பிட்ட கையோடு மத்தியான வெயிலில் வேனில் வந்து இறங்கி, மேட்டில் ஏறி, நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் மூன்று தடவை அப்படித்தான் வந்து போனேன். போன பங்குனியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து விடியுமுன்னே நாலு மணிக்குக் கிளம்பிப் போனபோதுதான் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

குலசேகரன்பட்டினம் தாண்டுகிறவரைக்கும் பனையும் உடைமரமும் மணலுமாகத் தரை தட்டையாகவே வரும். அப்புறம் திடீரென்று ஒரு மேடு எழும்பிக் கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும். வானத்தை முட்டும் பாறைச்சுவரை நினைத்துக்கொண்டு வராதீர்கள், உயரம் அவ்வளவு கிடையாது. ஆனால் அது மலையே இல்லை என்பதுதான் விஷயம். காற்று கொண்டுவந்து குவித்த மணல், சிப்பியும் சங்கும் கரைந்த சுண்ணாம்பு பிடித்து இறுகிக் கல்லாகியிருக்கிறது. திருச்செந்தூரில் வள்ளி குகையைக் குடைந்திருக்கிறார்களே, அதே வகைக் கல். கடல் பக்கம் போய்ப் பார்த்தால் காற்று ஒவ்வொரு தடவையும் போட்ட மணல் வரிவரியாகத் தெரியும், ஓலைப்பாயை அடுக்கி வைத்த மாதிரி. அத்தை அந்த வரிகளைக் கையால் தடவிக்கொண்டே பத்து நிமிஷம் நின்றாள்.

மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்த மேட்டில் நட்டார்கள், அதற்கப்புறம் வந்த கோயில் இது என்று ஊரில் சொல்கிறார்கள். கீழே கடலைப் பார்த்தபடி இருக்கும் குகையில் 1542இல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைப் பகுதிக்கு வந்த கிறிஸ்தவத் துறவி சவேரியார் தங்கியதாகச் சொல்வார்கள். உள்ளே ஒரு கிணறு, அலை இத்தனை பக்கத்தில் அடித்தும் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைவு என்பதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது, திருச்செந்தூர்க் கடற்கரையில் இருக்கும் நாழிக்கிணற்றிலும் சங்கதி இதுதான். காரணம் தெரிந்த பிறகும் அந்தத் தண்ணீரை வாயில் வைத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

வெளிச்சம் வந்ததும் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலை உடைகிற கடல், இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து சேரும் கழிமுகத்தில் அசையாத தண்ணீர், நடுவில் வளைந்து போகும் மணல் திட்டு, வரிசையாக வள்ளங்கள். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் இங்கே தேடி வருவது இந்த அலைக்காகத்தான். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, குறைகள். விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் இருக்கின்றன, அலை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால் மேலே நிற்கும் தரைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நான் போட்டோவுக்காக ஓரத்துக்குப் போனதும் வலையைத் தூக்கிக்கொண்டு போன ஒருவர், "தம்பி, அங்க நிக்காதீரும், அடியில மண்ணு போயிருக்கு" என்றார். "சரி அண்ணாச்சி" என்று பின்னால் வந்து, கீழே இறங்கிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான், நான் நின்ற இடம் வெறும் கூரை மாதிரித்தான் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள். குப்பை இன்னொன்று. எட்டு மணிக்கு ஒரு வேனில் வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளை அப்படியே காற்றில் விட்டுவிட்டுப் போனார்கள், அத்தனையும் கடலுக்குத்தான் போயிற்று. மன்னார் வளைகுடாத் தண்ணீர் அது, மனசு ரொம்ப வலித்தது. நானும் அத்தையும் எட்டுகிற வரைக்கும் பொறுக்கினோம். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துண்டும் கொண்டு போங்கள், மேலே நிழல் குறைவு.

ஊருக்குள்ளும் நடந்து பாருங்கள். பெரிய பெரிய பழைய வீடுகள், பெண்கள் பனையோலையில் பின்னுகிற கூட்டுறவுச் சங்கம். அத்தை ஒரு மூடிப்பெட்டி வாங்கினாள், பின்னல் இறுக்கமாக இருக்கிறது, கொடுத்த காசுக்குத் தகும். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிக் கூட்டம் நெரியும், அமைதி வேண்டுமென்றால் அந்த நாட்களில் வேண்டாம்.

முக்கியமான ஒன்று, வந்த வழியே திரும்பாதீர்கள். உடன்குடி, பரமன்குறிச்சி, காயாமொழி வழியாகத் தேரிக்குப் போங்கள், செம்மணல் மேடுகளைத்தான் இங்கே தேரி என்பார்கள். அரைமணிக்கு முன்னால் வெளுத்த கல்லில் நின்ற கால் இங்கே குங்குமச் சிவப்பு மணலில் புதையும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து இங்கே போட்டிருக்கிறது, மணலுக்கு மேலே இரும்புத்துரு பூசிய நிறம். மணப்பாட்டில் காற்று போட்டது கல்லாகிவிட்டது, தேரியில் போட்டது இன்னும் நகர்கிறது, ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால்தான் ஒன்று மற்றொன்றைப் புரிய வைக்கிறது. கொல்லாமரங்களுக்கு (முந்திரி) நடுவே வழி தெரியாமல் உள்ளே போய்விட வேண்டாம், எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும், தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் நின்று பார்ப்பதே போதும். ஆடியில் போனால் மணல் கண்ணிலேயே அடிக்கும், பங்குனி சித்திரையில் காலையிலேயே போனால் நல்லது, அப்போது பதநீரும் கிடைக்கும். வழியில் பனைக்கு அடியில் விற்றவரிடம் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடித்தோம், அத்தை இரண்டாவது பட்டை கேட்டாள்.