டைமர் சார்ஜரா, ஸ்மார்ட் சார்ஜரா?

கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சிப் பக்கம் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகிறவர்களின் டார்ச்சில் ஏஏ ரீசார்ஜபிள் செல் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட்) சீக்கிரம் கெட்டால், முதலில் சார்ஜரைப் பாருங்கள்.

டைமர் சார்ஜர், செல் நிரம்பியதா என்று பார்க்காமல் குறித்த நேரம் ஓடி நிற்கும். விலை குறைந்தவற்றில் பல, இரண்டிரண்டு செல்லாக ஜோடியாகத்தான் ஏற்றும். ஒன்று பாதி, மற்றது காலி என்றால் பாதி இருந்தது முன்னமே நிரம்பிச் சூடாகும். நடுவில் கரண்ட் போய் வந்தால் டைமர் முதலிலிருந்து ஓடும். நிரம்பிய செல்லுக்கு மறுபடி மணிக்கணக்கில் ஏறும். செல் கெடுவது இப்படித்தான்.

நல்ல ஸ்மார்ட் சார்ஜரில் செல் வைக்கும் ஒவ்வொரு குழிக்கும் தனிச் சர்க்யூட். செல் நிரம்பியதும் வோல்டேஜ் சில மில்லிவோல்ட் இறங்கும். அதைக் கண்டு நிறுத்திவிடும். 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, செல்லின் கொள்ளளவு) செல்லுக்கு 500 மில்லிஆம்பியர் வையுங்கள், சுமார் நாலரை மணி நேரம் ஆகும். 200 வைத்தால் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது, நிறுத்தத் தவறலாம்.

அடியோடு காலியான செல்லைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் கண்டுகொள்ளாது. டைமர் சார்ஜரில் பத்து நிமிடம் வைத்து மாற்றினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். பழையதை அதற்காக வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்து வீட்டுக்கு ஸ்மார்ட்தான் சரி. வாங்கும்போது நாலு குழிக்கு நாலு விளக்கு இருக்கிறதா பாருங்கள். இரண்டுதான் என்றால் அது பெரும்பாலும் ஜோடியாக ஏற்றுவதாக இருக்கும்.