"ஈசிஎம் போச்சுண்ணே" என்று சொன்னால்: பழைய காமன் ரயில் லாரி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் லோடு அடிக்கும் ஒரு பழைய லாரி. ஆறு சிலிண்டர், 24 வோல்ட், பாஷ் காமன் ரயில் (டீசலை ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கி, இன்ஜெக்டர்கள் வழியே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை). ஓனர்தான் டிரைவரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பட்டென்று நின்றுவிடும். கால் மணி நேரம் விட்டு செல்ஃப் அடித்தால் எதுவும் நடக்காத மாதிரி பிடித்துக்கொள்ளும். காரைக்குடியில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம் மேல்: "ஈசிஎம் போச்சுண்ணே. புதுசு போட்டா கட்டுப்படியாகாது, நல்ல செகண்ட் ஹேண்ட் ஒண்ணு இருக்கு."

போட்டார்கள், வண்டியும் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதே கோளாறு. இந்தத் தடவை சொன்ன கதை வேறு: "ஆறு இன்ஜெக்டரும் அடி வாங்கியிருக்கு, அதுதான் இந்த ஈசிஎம்மையும் இழுக்குது." ஆறையும் கழற்றி 'ரீகண்டிஷன்' என்று எதையோ மாட்டினார்கள். மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஓனர் கையில் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு மட்டும். ஜிஎஸ்டி பில் இல்லை. பழைய ஈசிஎம்மும் பழைய இன்ஜெக்டர்களும் "எக்ஸ்சேஞ்சில் போயிருச்சு."

உண்மையான கோளாறு, இன்ஜின் பிளாக்கை ஒட்டிப் போகும் ஹார்னஸில் (கம்பிக் கட்டில்) எலி கடித்து உரித்த ஒரே ஒரு கம்பி. ஆலை வளாகத்தில் ராத்திரி நிற்கிற வண்டிக்கு இது புதிதல்ல. ஒரு முழம் வயர், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், அரை நாள் கூலியோடு முடிந்திருக்க வேண்டியது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. இதே வரிசையில் கை வைக்கிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். அந்த வரிசை எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் ஓனர்களுக்குத் தெரிய வேண்டியது.

முதலில் அந்த 5 வோல்ட் விஷயம். லாரி 24 வோல்ட்டாக இருந்தாலும் சென்சார்களுக்கு ஈசிஎம் தருவது 5 வோல்ட்தான். ஒரு மோட்டாரிலிருந்து நாலு வீட்டுக்குத் தண்ணீர் பிரிகிற மாதிரி, ஒரே 5 வோல்ட் லைன் ரயில் பிரஷர் சென்சார், பூஸ்ட் சென்சார் என்று பலவற்றுக்குப் பிரிந்து போகும். அந்தக் கம்பியின் தோல் உரிந்து பிளாக்கைத் தொட்டால், அந்த லைனில் உள்ள எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் செத்த மாதிரி காட்டும். ரயில் பிரஷர் எவ்வளவு என்று தெரியாவிட்டால் சில வண்டிகளில் ஈசிஎம் பவரைக் குறைத்து லிம்ப் மோடில் ஓட்டும், சிலவற்றில் இன்ஜினையே நிறுத்திவிடும். இந்த லாரி நின்றது. ஹார்னஸ் சூட்டில் இளகி, அதிர்வில் கீழே தொங்கும்போது கம்பி தொட்டது. ஆறி இறுகியதும் விலகிக்கொண்டது.

ஸ்கேனரில் பி0641 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால், அல்லது கனரக வண்டிகளின் முறைப்படி எஸ்பிஎன் 3509, 3510 வந்தால், அது சென்சார் சப்ளை வோல்டேஜ் கோளாறு. 'ஈசிஎம் செத்துவிட்டது' என்று அந்தக் கோடு சொல்லவில்லை. கூடவே இரண்டு மூன்று சென்சார் கோடுகளும் ஒன்றாக வந்திருந்தால், அவை எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று யோசித்துப் பாருங்கள். பொதுவாக ஓடும் கம்பி, இல்லையென்றால் பொதுவான எர்த், அங்கேதான் முதலில் கை போக வேண்டும்.

பட்டறைக்காரர் செய்தது, சென்சார் கப்ளரை (கம்பி இணைப்பானை) கழற்றி மீட்டர் வைத்து 0 வோல்ட் காட்டி, "பாருங்க, ஈசிஎம்மிலிருந்து வரவே இல்லை" என்றது. மீட்டர் பொய் சொல்லவில்லை, பாதிச் சோதனையோடு நிறுத்திக்கொண்டதுதான் பித்தலாட்டம். முழுச் சோதனை இப்படி: கோளாறு இருக்கும் நேரத்தில் சாவியை ஆன் செய்து, அந்த லைனில் உள்ள சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் அந்தச் சென்சார் உள்ளே ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையா? சாவியை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் கழற்றுங்கள். இப்போது ஹார்னஸ் தனி. 5 வோல்ட் கம்பிக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். திறந்த லைனாகக் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் கோளாறு ஹார்னஸில். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவர் ஹார்னஸை அடிக்கு அடி அசைத்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். கிளிப் மாட்டிய இடம், பிராக்கெட் விளிம்பு, பிளாக்கின் பின்பக்க வளைவு இவைதான் வழக்கமான இடங்கள்.

ஹார்னஸ் சுத்தமாக இருந்து, ஈசிஎம்முக்கு வரும் பவரும் எர்த்தும் சரியாக இருந்து, அப்போதும் ஈசிஎம் பின்னில் 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் ஈசிஎம் மேல் சந்தேகம்.

அந்தப் பவரையும் எர்த்தையும் வெறும் மீட்டரால் மட்டும் பார்ப்பது போதாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற கம்பியிலும் மீட்டர் முழு 24 காட்டும். 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஈசிஎம் கப்ளரின் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே கொடுங்கள். முழு வெளிச்சம் வர வேண்டும், மங்கினால் ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் என்று தேடுங்கள். பின்னுக்குள் பெரிய ஊசியைச் செருகி அகட்டிவிடாதீர்கள். அது புதுக் கோளாறு. பேட்டரி இரண்டும் சேர்த்து ஓய்வில் 25.2 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே போகக் கூடாது. ஈசிஎம்மை மாட்டி செல்ஃப் அடிக்கும்போது அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை.

சூட்டில் நின்று ஆறினால் பிடிக்கும் வண்டிக்கு இன்னொரு பழைய காரணம், இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். இதைப் பிரித்தறிய ஸ்கேனரின் லைவ் டேட்டா போதும். வண்டி பிடிக்காத அந்த நேரத்திலேயே செல்ஃப் அடித்து ஆர்பிஎம் பாருங்கள். ஆர்பிஎம் 0 என்றால் கிராங்க் சென்சார், அல்லது அதன் வயர். ஆர்பிஎம் வருகிறது, ரயில் பிரஷர் ஏறவில்லை என்றால் டீசல் பக்கம். பாஷ் சிஸ்டம் பெரும்பாலானவற்றில் சுமார் 200 பார் வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். ஸ்கேனர் எண்ணை நம்ப முடியாவிட்டால் சென்சார் சிக்னல் கம்பியிலேயே பார்க்கலாம். 1800 பார் சென்சாரில் இன்ஜின் நின்றிருக்கும்போது 0.5 வோல்ட், 200 பாருக்கு ஏறத்தாழ 0.95, ஐடிலில் 400 பார் என்றால் 1.4 வோல்ட்டை ஒட்டி. வண்டி ஆறிய பிறகு எடுக்கும் எந்த ரீடிங்குக்கும் இந்த நோயில் மதிப்பில்லை. "விட்டுட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்" என்பவர் கோளாறு வந்த நேரத்தில் என்ன எண்கள் பார்த்தார் என்று கேளுங்கள்.

அப்படியானால் செகண்ட் ஹேண்ட் ஈசிஎம் போட்டதும் ஏன் ஓடியது? ஈசிஎம்மைக் கழற்றி மாட்டும்போது ஹார்னஸ் இழுபட்டு இடம் மாறும், உரிந்த கம்பி பிளாக்கை விட்டு விலகும். கப்ளர் பின்களில் படிந்த பாசியும் கழற்றி மாட்டியதில் உரசிப் போகும். கோளாறு தற்காலிகமாக மறைந்தது, பட்டறைக்கு நல்ல பெயரும் காசும் வந்தது. பாகத்தை மாற்றும் முன் பழையதையே ஒரு தடவை கழற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தச் செகண்ட் ஹேண்ட் பெட்டியில் வேறு வில்லங்கமும் இருக்கிறது. ஒரே இன்ஜின் குடும்பத்தில் குதிரைத் திறன் வேறு, ஸ்பீடு லிமிட் வேறு என்று பல புரோகிராம்கள் உண்டு. வெளியே பெட்டி ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பது யாருடைய வண்டிக்கு எழுதியதோ. ஸ்கேனரில் ஈசிஎம் அடையாளப் பக்கத்தைத் திறந்தால் பல வண்டிகளில் சேஸிஸ் எண் தெரியும். அது உங்கள் ஆர்சி எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு வண்டிப் பெட்டி மாட்டியிருக்கிறது. உங்கள் நல்ல ஈசிஎம் 'எக்ஸ்சேஞ்சில்' போய் இன்னொரு ஓனருக்கு விற்பனையாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லாபம் இரண்டு பக்கமும் பட்டறைக்கு.

இன்ஜெக்டர் விஷயத்தில் கேட்க வேண்டியது டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட், கழற்றியதற்கும் மாட்டப்போவதற்கும் தனித்தனியாக. ஃபுல் லோடு, ஐடில், பைலட் இன்ஜெக்ஷன் (முன்கூட்டிய சிறு பீய்ச்சல்), பேக் லீக் (ரிட்டர்னில் திரும்பும் டீசல்) என்று நான்கு இடத்தில் அளவும், இருக்க வேண்டிய வரம்பும் அச்சில் இருக்கும். "பார்த்தோம், எல்லாம் அவுட்டு" என்பது ரிப்போர்ட் ஆகாது. ஆறும் சேர்ந்து ஒரே நாளில் போவதற்குப் பொதுவாக டீசலில் தண்ணீர், இல்லையென்றால் பம்ப் உதிர்த்த இரும்புத்தூள் காரணமாக இருக்கும். அப்படியென்றால் ஃபில்டரை அறுத்துக் காட்டினாலே தூள் தெரியும். தூள் இருந்தால் பம்ப், ரயில், டேங்க் எதையும் சுத்தம் செய்யாமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றுவதும் வீண்செலவுதான்.

ரிட்டர்ன் குழாயைத் தனித்தனியாகக் கழற்ற முடிகிற இன்ஜின்களில் ஐடிலில் ஒரே நேரத்துக்கு ஆறு பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு விடும். அதுதான் குற்றவாளி. பக்கவாட்டில் கனெக்டர் ட்யூப் வழியாக டீசல் போகும் இன்ஜின்களில் இப்படிப் பிரிக்க முடியாது. அங்கே ட்யூப் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முறைப்படி முறுக்காமல் விட்டாலே ரிட்டர்ன் கூடும், பழி இன்ஜெக்டர் மேல் விழும்.

பாஷ் பாகங்களில் எண்ணைப் பாருங்கள்: கனரக வண்டி இன்ஜெக்டர் 0 445 120 என்று தொடங்கும், ஹை பிரஷர் பம்ப் 0 445 020, டீசல் ஈசிஎம் 0 281. பம்புக்குப் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் யூனிட் 0 928 400. எண்ணைத் தேய்த்து அழித்த பாகத்தை வாங்காதீர்கள். இன்ஜெக்டர் தலையில் குறியீடு பொறித்திருக்கும் வகைகளில் புதிது மாட்டியதும் அதை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். இந்த லாரியில் ஏற்றவே இல்லை. மாட்டிய பிறகு ஐடில் தடுமாறி கறுப்புப் புகை அடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனரிலும் கை வரிசை நடக்கும். சாவி ஆனில் ஒரு கப்ளரைக் கழற்றினால் உடனே ஒரு கோடு விழும், அதை உங்களுக்குக் காட்டினால் போதும். ஆகவே பேனட்டையோ கேபினையோ தூக்கும் முன் உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லி, எல்லாக் கோடுகளையும், ஆக்டிவா ஸ்டோர்டா (இப்போது இருப்பதா, பழைய பதிவா) என்பதையும், ஃப்ரீஸ் ஃபிரேமையும் (கோளாறு விழுந்த நொடியில் பதிவான எண்கள்) போனில் படம் எடுங்கள். அழிப்பது அதற்கு அப்புறம். ஈசிஎம், பம்ப், இன்ஜெக்டர் லேபிள்களையும் அப்போதே படம் எடுத்து, பாகத்தில் மறைவான இடத்தில் பெயிண்ட் பொட்டு வையுங்கள்.

ஈசிஎம் நிஜமாகவே சாவதும் உண்டு. கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து பின்கள் பச்சை பிடித்திருக்கும். பவர், எர்த், கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி) எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கேனரோடு பேசாது. கேன் லைனைப் பார்க்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் கம்பிக்கும் நடுவே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் உள்ள ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. ஈசிஎம்மைக் கொல்லும் வேலை பெரும்பாலும் பாடி கட்டும் இடத்தில் நடக்கிறது. பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைக்கவே விடாதீர்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய இன்லைன் பம்ப் பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பை லூஸ் செய்து 'மிஸ்' பார்க்கிறவரையும் வண்டிப் பக்கம் அண்டவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; கை போய்விடும்.

ஆலையிலும் களத்திலும் வண்டி நின்றால் வாரம் ஒரு தடவை கேபினைத் தூக்கி எலிப் புழுக்கை, கொறித்த டேப் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிந்திய நெல்லைப் பிளாட்ஃபாரத்திலும் கேபினுக்கு அடியிலும் விட்டுவைக்காதீர்கள். கடித்த இடத்தைச் சுற்றி இன்சுலேஷன் டேப் மட்டும் ஒட்டினால் ஆயில் பட்டு நாலு மாதத்தில் அவிழும். சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, மேலே நெளி குழாய் மாட்டுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு: ஒரே லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர், அதைச் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வைத்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். 'வணிக வண்டி, கேஸ் நிற்காது' என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோளாறு நடந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, முதல் ஸ்கேன் படம், சேஸிஸ் எண் ஒத்துப்போகாத ஈசிஎம் பக்கத்தின் படம், கோளாறைக் கண்டுபிடித்த மெக்கானிக்கின் கையெழுத்துள்ள குறிப்பு, இவற்றோடு கடித்த அந்தக் கம்பித் துண்டையும் தேதி எழுதிய கவரில் போட்டு வையுங்கள்.