குராசோ தீவில் ஸ்கூபா: முதலில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்த கடை

கப்பலைத் தண்ணீரிலிருந்து ஏற்றிப் பழுது பார்க்கும் டிரை டாக் வேலைக்காகக் கரீபியனில் குராசோ பக்கம் போகிற நம்ம ஏரியா பசங்களுக்கு ஒரு ஓய்வு நாள் கிடைத்தால், ஷாப்பிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூச்சு விட்டபடியே போகும் ஸ்கூபா டைவுக்கு ஒரு தடவை இறங்கிவிட்டு வாருங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் கப்பலில் இருக்கிற ஆள் ஒருவராவது கிடைப்பார், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போனது பெரிய ஹோட்டலோடு சேர்ந்த கடை இல்லை. வில்லெம்ஸ்டாட் நகரத்திலிருந்து தென்கிழக்கே காரகாஸ் பே போகிற வழியில் ஒரு அப்பாவும் மகளும் நடத்தும் சின்னக் கடை, உள்ளூர்க்காரர்கள், தங்களுக்குள் பபியமெந்து மொழியில் பேசிக்கொள்வார்கள், நம்மிடம் ஆங்கிலம்.

நான் இன்ஜின் ரூம் ஆள் என்பதால் எங்கே போனாலும் கண் முதலில் சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரஸரைத்தான் தேடும். காற்றை இழுக்கும் குழாய் கூரைக்கு மேலே, வண்டிப் புகையோ ஜெனரேட்டர் புகையோ அண்டாத பக்கமாக ஏற்றிவிட்டிருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. புகை கலந்த காற்றை சிலிண்டரில் அடைத்தால் அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும். நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்த பெரியவர், கேட்காமலே ஃபில்டர் மாற்றிய தேதிகளை எழுதி வைத்திருக்கும் நோட்டை எடுத்துக் காட்டினார். சிலிண்டர் கழுத்தில் கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும், அதையும் தானாகவே திருப்பிக் காட்டினார். பாதி நம்பிக்கை எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

கப்பல் தீயணைப்புப் பயிற்சியில் பி.ஏ. செட், அதாவது புகைக்குள் மூச்சு விட உதவும் கருவியை, மாட்டிப் பழகியவர்களுக்கு ஸ்கூபா கருவி அந்நியமாகத் தெரியாது, அதே சிலிண்டர், அதிலிருந்து மூச்சுக்குத் தகுந்தபடி காற்றைத் தரும் அதே ரெகுலேட்டர். ஆனால் பி.ஏ. செட்டில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும், இதில் அடிக்காது. மீதிக் காற்றைக் காட்டும் கேஜை நாமேதான் அடிக்கடி பார்க்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பிய சிலிண்டர் பதற்றமாக மூச்சு விடுகிறவனுக்கு எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அந்தப் பெண் மணலில் கோடு போட்டுக் கணக்குக் காட்டினார்.

நம்ம பசங்க விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. கடற்கரையில் கொட்டி வைத்த கல்லிலிருந்து குதித்து, மூச்சடக்கி உள்ளே போய்விட்டு வந்து வளர்ந்தவர்கள் நாம். எவன் அதிக நேரம் உள்ளே இருந்தானோ அவன்தான் கெட்டிக்காரன். ஸ்கூபாவில் அந்தப் பழக்கம் ஆளையே கொன்றுவிடும். 10 மீட்டரில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். நீச்சல் தெரியுமா என்று கேட்டுவிட்டு நேராகப் படகில் ஏற்றும் கடைகளும் இருக்கின்றன. இவர்கள் முதலில் என்னை இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட வைத்து, வேறு எதுவும் செய்யவிடாமல் மூச்சு மட்டும் விடச் சொன்னார்கள். என் ரெகுலேட்டரிலிருந்து குமிழி வருவது கொஞ்சம் நின்றால் போதும், அந்தப் பெண் உடனே என் தோளைத் தட்டுவார். குமிழி சீராக வரும்வரை ஆழத்துக்கு விடவே இல்லை. மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்றைத் தள்ளுவது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரகாஸ் பேயில் பெரிய கப்பல்களை இழுக்கும் பழைய டக் போட் (இழுவைப் படகு) ஒன்று மூழ்கி, 5 மீட்டர் ஆழத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். துறைமுகத்தில் தினமும் பார்க்கிற டக் போட்தான், ஆனால் இரும்பு தெரியாத அளவுக்கு ஸ்பாஞ்சும் பவளமும் மூடியிருக்கின்றன, வெளிச்சம் குறைந்த மூலைகளில் ஆரஞ்சு நிறக் கப் பவளம். ஒரு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டே போனதும் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட, விரல் நீள மீன் ஒன்று என் மாஸ்க்கைப் பார்த்து முட்ட வந்தது, போனது, திரும்பவும் வந்தது. சார்ஜெண்ட் மேஜர் என்ற மீனாம், ஊதாவாக இருந்தது அதன் முட்டைகள், காவல் காப்பது ஆண் மீன். நான் பின்வாங்குகிறவரை அது விடவில்லை.

லயன்ஃபிஷ்ஷையும் பார்த்தேன். அது அந்தக் கடல் மீனே இல்லை, நம்ம பக்கத்து இந்து மகாசமுத்திரம், பசிபிக் கடல்களைச் சேர்ந்தது. 1980களில் ஃப்ளோரிடா பக்கம் கடலில் சேர்ந்து, 2009-இல் குராசோவரை வந்துவிட்டது. அங்கே அதைத் தின்ன ஆள் இல்லை, அது மட்டும் சின்ன மீன்களை வாரித் தின்கிறது. அதனால் டைவர்களே ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள், ஹோட்டல்களில் பொரித்தும் தருகிறார்கள். ஊருக்கு வந்து போனில் வீடியோவைச் சித்தப்பாவிடம் காட்டினேன். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன்பிடி லாஞ்சைக் கட்டிவிட்டு வீட்டில்தான் இருந்தார்.

"இன்னாடா தண்ணி இவ்ளோ தெளிவா கீது, மீனு வலைய பாத்துட்டு ஓடிடாதா?"

"கரையாண்டயே பாறை ஆரம்பிச்சிருது சித்தப்பா, வலை போட்டா கிழிஞ்சிரும்."

லயன்ஃபிஷ் வந்ததும் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "இது எப்பவாச்சும் நம்ம வலையிலயும் வரும், முள்ளு பட்டுச்சின்னா ராவெல்லாம் தூக்கம் கெடையாது" என்றார். அதை அங்கே பணம் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை அவர் நம்பவே இல்லை.

குறைகளும் உண்டு. அழைத்துப் போக வருவதாகச் சொன்ன வண்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது, போன் செய்தாலும் சரியான பதில் இல்லை. எனக்குக் கொடுத்த வெட்சூட்டின் (தண்ணீருக்குள் போடும் ரப்பர் உடை) ஜிப் பாதியில் நின்றுவிட்டது, மாற்று சைஸ் இல்லை. கால் பூட்ஸுக்குத் தனி வாடகை என்பதை அங்கே போன பிறகு சொன்னார்கள். கரையெல்லாம் உடைந்த பவளக்கல், பூட்ஸ் இல்லாமல் கால் வைக்கவே முடியாது, அப்படி இருக்கும்போது அதைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்வதுதான் முறை. உடை மாற்ற மறைவான இடம் கிடையாது, பெண்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நான் திரும்ப அவர்களிடமே போவேன். என்னோடு வந்த நண்பனுக்குச் சளி பிடித்திருந்தது. மாத்திரை போட்டிருக்கிறேன், இறங்கிவிடுகிறேன் என்று கெஞ்சினான். மாத்திரையின் வேகம் உள்ளே இருக்கும்போது தீர்ந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும் என்று விளக்கி, முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டார் பெரியவர். நான் சுப்பீரியர் ப்ரொட்யூசரைப் பார்க்க ஆசைப்பட்டேன். 1977-இல் கிறிஸ்துமஸ் சரக்கோடு வில்லெம்ஸ்டாட்டை விட்டுக் கிளம்பி, துறைமுக வாசலிலேயே மூழ்கிய சரக்குக் கப்பல் அது. துணியும் சாராயமுமாக இருந்ததை ஊரே இறங்கி எடுத்ததாம். 30 மீட்டர் ஆழம், சான்றிதழ் இல்லாதவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டோம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். காசு வருகிறதே என்று தலையாட்டவில்லை. விமானம் எப்போது என்றும் முதலிலேயே கேட்டார்கள், டைவ் முடிந்து விமானம் ஏற, ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கப்பல் வேலை முடிந்து சைன் ஆஃப் ஆகி மறுநாள் காலையில் ஃப்ளைட் பிடிக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போக வாய்ப்பில்லாதவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது, கொஞ்சம் சேர்த்து வைத்தால் அந்தமான். எங்கே போனாலும் கம்ப்ரஸரைக் காட்டச் சொல்லுங்கள், சளி இருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள், முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். குராசோ போகிறவர்கள் பயணிகள் கப்பல் வராத நாளாகப் பார்த்துப் போங்கள், வந்த நாளில் டக் போட்டைச் சுற்றி ஒரே கூட்டம். டாலர் அங்கே செல்லும், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வழியில் பஸ்டேச்சி என்று சமோசா மாதிரி ஒன்று சூடாகக் கிடைக்கும், டைவுக்கு முன்னால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.