ஜி.பி. குழாயா, ஜி.ஐ. குழாயா?

கறுப்புக் குழாய் (பூச்சில்லாத இரும்புக் குழாய்) மட்டும் ஓட்டும் சிறிய ஈ.ஆர்.டபிள்யூ. மில் (தகட்டை வளைத்து மின்சாரத்தால் வெல்டிங் செய்யும் மில்), அடுத்து துத்தநாகப் பூச்சுக்குப் போக நினைத்தால் இரண்டு வழி உண்டு. முன்பே துத்தநாகம் பூசிய தகட்டில் குழாய் செய்தால் ஜி.பி.; குழாய் செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கினால் ஜி.ஐ.

ஜி.பி.க்குப் பெரிய முதலீடு வேண்டாம். பூச்சு ஏறிய காயிலை (தகட்டுச் சுருளை) வாங்கி, ஸ்லிட் செய்து (நீளவாக்கில் பட்டையாக வெட்டி), இருக்கிற மில்லிலேயே ஓட்டலாம். சிக்கல் வெல்டிங் கோட்டில்தான். வெளியே எழும் பிசிறை உளி சீவும்போது அங்கிருக்கும் துத்தநாகமும் போய்விடும். வெளிப்பக்கத்தைத் துத்தநாகக் கம்பி உருக்கித் தெளித்து மூடலாம். உள்ளே அந்தக் கோட்டில் வெறும் இரும்புதான். கூரைச் சட்டம், வேலிக்குச் சரி. தண்ணீர் லைனுக்கு வேண்டவே வேண்டாம்.

ஜி.ஐ. வேறு தொழில் என்றே சொல்லலாம். குழாயை அமிலத்தில் கழுவி, துத்தநாகம் நன்றாகப் பிடிக்க ஃபிளக்ஸ் கரைசலில் முக்கி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இறக்க வேண்டும். உள்ளும் புறமும் பூச்சு ஏறும். ஆனால் ஆர்டர் இல்லாத நாளிலும் அந்தத் தொட்டி உறையாமல் எரிபொருள் எரிய வேண்டும். தொட்டிக்குள் கிடக்கும் துத்தநாகமே முடங்கிய முதல். கழிவு அமிலத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் பதில் சொல்லியாக வேண்டும்.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜி.பி. காயிலில் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் என்றால் இரு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் 8 மைக்ரான் சொச்சம். ஜி.ஐ.யில் சதுர மீட்டருக்கு 360 கிராம் என்றால் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 50 மைக்ரான்.

2 மி.மீ.க்குக் குறைந்த சதுரக் குழாய்தான் உங்கள் சரக்கு என்றால் ஜி.பி.யே போதும். தண்ணீர் லைனுக்குப் போகும் ஐ.எஸ். 1239 (இந்தியத் தர எண்) குழாய்க்கு நிலையான ஆர்டர் கையில் வந்த பிறகு தொட்டி கட்டலாம்.