ஒரே நடிகர், மூன்று ரெஸ்யூமே: லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன்

ஒரே ரெஸ்யூமேயை மூன்று ஊர்களுக்கும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நடிகர்கள் உண்டு. ஒவ்வோர் ஊரும் வேறு வேறு விஷயத்தைக் காட்டச் சொல்கிறது, மறைக்கவும் சொல்கிறது.

அமெரிக்க ஊர்கள் இரண்டுக்கும் சில விதிகள் பொது. ஒரு பக்கம்தான்; விவரங்கள் மூன்று நிரல்களில். புகைப்படம் 8-க்கு 10 அங்குலம் என்பதால், அதன் பின்புறம் இணைக்கும் தாளையும் அந்த அளவுக்கே வெட்ட வேண்டும். வெட்டாத தாள் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். வயது, வீட்டு முகவரி, நடித்த ஆண்டு எதுவும் வேண்டாம். ஏஜென்ட் இருந்தால் அவருடைய தொலைபேசி எண். இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் அனுப்புகிறார்கள், அமைப்பு அதேதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமாவும் தொலைக்காட்சியும் மேலே வரும். நடு நிரலில் பாத்திரத்தின் பெயர் கூடாது, வேடத்தின் அளவுதான்: முதன்மை, துணை, தொலைக்காட்சி என்றால் 'கெஸ்ட் ஸ்டார்' (ஓர் எபிசோடின் முக்கிய வேடம்), 'கோ-ஸ்டார்' (சிறு வேடம்). 'ராபர்ட்' என்று எழுதினால், அவன் படம் முழுக்க வந்தானா, காபி கொடுத்துவிட்டுப் போனானா, யாருக்குத் தெரியும்? கூட்டக் காட்சியில் நின்றதை எழுதவே கூடாது. விளம்பரங்களையும் பட்டியலிடுவதில்லை, 'கேட்டால் தரப்படும்' என்று ஒரு வரி போதும். ஒரு குளிர்பான விளம்பரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அந்த ஒப்பந்தம் என்றோ முடிந்திருந்தாலும், போட்டி நிறுவனத்தின் வாய்ப்பு கைநழுவலாம்.

நியூயார்க்கில் நாடகம் முதலிடம் பிடிக்கிறது. இங்கே பாத்திரப் பெயரையே எழுதலாம். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் இயக்குநர்களுக்குப் புகழ்பெற்ற நாடகங்கள் மனப்பாடம். பெயரைப் படித்ததுமே அந்த வேடத்தின் கனம் புரிந்துவிடும். மூன்றாவது நிரலில் நாடக அரங்கு அல்லது இயக்குநர். இசைநாடகத்துக்கு முயல்பவர் சொப்ரானோவா, பாரிடோனா என்று குரல் வகையை மேலேயே சொல்லிவிட வேண்டும். கையில் நான்கைந்து மேடை நாடகங்களும் ஒரு பயிற்சிப் பட்டறையும் மட்டுமே உள்ள புதியவருக்கு என் ஓட்டு இந்த வடிவத்துக்குத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் முறையில் அவருடைய தாளின் மேல்பாதி காலியாகக் கிடக்கும்.

லண்டனில் தாளை அழகுபடுத்தும் வேலையே குறைவு. 1927இல் நடிகர்களின் அச்சு விவரத்தொகுப்பாகத் தொடங்கிய 'ஸ்பாட்லைட்' இன்று சந்தா கட்டிச் சேரும் இணையத் தளம். தேர்வாளர்கள் முதலில் அங்கேதான் தேடுகிறார்கள். உண்மை வயதுக்குப் பதிலாக, எந்த வயது வரம்பில் நடிக்க முடியும் என்பதை நிரப்ப வேண்டும். ஆனால் ஒவ்வொரு வேடத்துக்கும் பக்கத்தில் ஆண்டு நிற்கும். அமெரிக்கர்கள் அத்தனை பாடுபட்டு மறைக்கும் இடைவெளி இங்கே விழுந்த பல்லைப் போலத் தெரிந்துவிடும். குழந்தை வளர்க்க மூன்றாண்டு ஒதுங்கியிருந்தவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

கடைசியில் வரும் தனித்திறன் பகுதியை மூன்று ஊர்களிலும் அலட்சியமாக நிரப்புகிறார்கள். குதிரையேற்றம் தெரியும் என்று எழுதியவரைக் குதிரைமேல் ஏற்றிவிடுவார்கள், கவனம். தமிழ் தாய்மொழி என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். 'இந்திய மொழிகள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் இந்தி வசனம் வந்து சேரும். ஈழத்தமிழர் நிறைய வாழும் லண்டனுக்கு அனுப்பும்போது, யாழ்ப்பாணப் பேச்சு வருமா, மதுரைப் பேச்சு வருமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.