வேடந்தாங்கல்: மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

வேடந்தாங்கல் போய்வந்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். "பறவையே இல்லை" என்பது ஒன்று. "எல்லாம் தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தது" என்பது இன்னொன்று. முதலாவது, தவறான மாதத்தில் போனதால் வந்தது. இரண்டாவது, போன வேளையாலும் கையில் இருந்த பைனாகுலராலும் வந்தது. இரண்டையும் சரிசெய்துகொண்டு போனால், ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதையும் அடைகாப்பதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும், மரநிழலில் ஏரிக்கரை மேல் நடந்தபடியே பார்க்கலாம். குழந்தைகளும் முதியவர்களும் இவ்வளவு சிரமமில்லாமல் பார்க்கக்கூடிய, பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் தமிழ்நாட்டில் அபூர்வம்.

இது காடல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பகுதியில் இருக்கும் சுமார் 30 ஹெக்டேர் பாசன ஏரி இது. ஏரிக்குள்ளேயே கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் நிற்கின்றன. ஜீப் சவாரி, படகு எதுவும் கிடையாது. கரைமேல் நடைபாதை, உட்கார இருக்கைகள், ஏறிப் பார்க்கக் கோபுரம், அவ்வளவுதான். பறவைகள் மரங்களில் இருக்கும், நாம் கரையில் இருப்போம், நடுவில் தண்ணீர். இந்த இடைவெளியைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இடைவெளி இருப்பதால்தான் பறவைகள் நம்மைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்க்கின்றன.

அந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். மரத்தின் அடி நீரில் மூழ்கி நின்றால் பூனை, நரி, நாய் எதுவும் கூட்டை நெருங்க முடியாது. தண்ணீர் போதாத ஆண்டில் பறவைகள் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடும். கூடு கட்டிய பிறகு நீர் வேகமாக இறங்கினால், முட்டையோடு கூட்டைக் கைவிடவும் செய்யும். பாதுகாப்பு மட்டுமல்ல, இரையும் மழையைப் பொறுத்ததுதான். சுற்றியுள்ள ஏரிகளும் வயல்களும் நிறைந்தால்தான் மீனும் நத்தையும் தவளையும் கிடைக்கும். நாரைக்கு முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை 2 முதல் 3 மாதம் ஆகும். கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதல். அத்தனை நாளும் இரை தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஆகவே "சீசன் ஆரம்பித்துவிட்டதா?" என்று விசாரிப்பதில் பலன் குறைவு. "மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா, கூட்டில் குஞ்சு தெரிகிறதா?" என்று கேளுங்கள். வனத்துறை அலுவலகத்திலோ ஊர்க்காரர்களிடமோ ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

மாதக் கணக்கு வடகிழக்குப் பருவமழையைப் பின்தொடர்ந்து போகிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பறவைகள் வந்து சேர்ந்துகொண்டிருக்கும். மழைநாளில் போனால் பார்ப்பதைவிட நனைவதே அதிகம். டிசம்பரில் குச்சி சுமந்து கூடு கட்டும் காட்சி நன்றாக இருக்கும். ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் போங்கள். முட்டையும் சிறு குஞ்சும் வளர்ந்த குஞ்சும் ஒரே மரத்தில் தெரியும் காலம் அது. மார்ச்சில் இளம்பறவைகள் இறக்கை அடித்துப் பழகுவதைப் பார்க்கலாம், ஆனால் வெயில் ஏறிவிடும். ஏப்ரலுக்குப் பிறகு இதற்காகவென்று பயணம் போடாதீர்கள். மழை பொய்த்த ஆண்டில் மேலே சொன்ன எந்த மாதமும் கைகொடுக்காது.

வேளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவது வழக்கமான நேரம். குடும்பத்தோடு வருபவர்கள் வீட்டில் நிதானமாகக் கிளம்பி 11 மணிக்கு வந்து சேர்கிறார்கள். அந்நேரம் பெரிய பறவைகளில் பாதி இரைதேடிப் போயிருக்கும். மிச்சமிருப்பவை கூட்டில் குஞ்சுக்குக் குடைபிடித்ததுபோல் இறக்கை விரித்து அசையாமல் நிற்கும். வெயிலில் நீர்ப்பரப்புக்கு மேல் காற்று கானலாக நெளிவதால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் வைத்து எடுத்தாலும் படம் குழம்பித்தான் வரும். காலை 6 முதல் 8.30 வரை, அல்லது மாலை 3.30 முதல் மூடும்வரை, இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பரிந்துரை மாலைதான். இரைக்குப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும், குஞ்சுகள் கத்தித் தீர்க்கும். அதே நேரத்தில் பகலெல்லாம் கிளைக்குள் முடங்கியிருந்த வக்காக்கள் (இராக்கொக்குகள்), 'வக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்தபடி ஒவ்வொன்றாக வெளியே புறப்படும். பகல் முறை முடிந்து இரவு முறை தொடங்கும் அந்த அரைமணி நேரத்துக்காகவே போகலாம்.

கரையில் எங்கே நிற்பது என்பதைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகில் விழ வேண்டும். முகத்துக்கு நேராக இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலுருவாகத்தான் தெரியும். முதலில் கரையை ஒருமுறை முழுக்க நடந்து, எந்த மரத்தில் கூடு அதிகம், எது கரைக்குப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே இடத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள். நடந்துகொண்டே இருப்பவருக்குப் பறவை தெரியும், அது என்ன செய்கிறது என்பது தெரியாது. தாய் நாரை அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றிக் குளிர்விப்பதும், கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையைப் புதைத்துத் தின்பதும் பொறுத்திருப்பவர்களுக்கே கிடைக்கும்.

பைனாகுலர் இல்லாமல் போவது பாதிப் பயணம். 8x42 போதும், அதுவே சிறந்ததும்கூட. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 8 மடங்கு என்றால் 80 மீட்டரில் இருக்கும் கூடு 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். 10x42 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கைநடுக்கத்தையும் அதே அளவு பெருக்கும், பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10x25 மாலை 5 மணிக்கு மேல் இருண்டுவிடும். காரணம் எளிய கணக்கு: 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர் ஒளிவட்டம்தான் கண்ணுக்கு வருகிறது. 8x42இல் அது 5 மில்லிமீட்டருக்கு மேல். வாடகைக்கு வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் தூரத்து மரக்கிளை ஒன்றைப் பாருங்கள். ஒரு கிளை இரண்டாகத் தெரிந்தால், அல்லது கண் இழுப்பதுபோல் இருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) நகர்ந்திருக்கிறது. அது அங்கே சரிசெய்யக்கூடியதல்ல, வேறொன்று கேளுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும்.

கையில் வாங்கியதும் இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகத் தெரியும்படி செய்யுங்கள். வலது லென்ஸை உள்ளங்கையால் மூடி, நடுச் சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்குத் துல்லியமாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, வலக்கண் பக்கமுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன் பின் நடுச் சக்கரத்தைத் தவிர எதையும் தொட வேண்டியதில்லை. கண்ணாடி அணிபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், இல்லையெனில் சாவித்துளை வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். கேமராக்காரர்களுக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் ஏமாற்றம் தரும். வெள்ளைப் பறவை வெயிலில் வெளுத்து இறகின் விவரம் போய்விடும், எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தே எடுங்கள்.

கரையில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சைத் திருத்தியாக வேண்டும்: "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்து குஞ்சு பொரிக்குது." மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் இந்த நாட்டுப் பறவைகள். நீரையும் இரையையும் தேடி இங்குமங்கும் இடம் மாறுபவை. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்குத் தம் வடநிலத்துக்கே திரும்புகின்றன. இதைப் புரிந்துகொண்டால், வேடந்தாங்கல் அந்நிய விருந்தாளிகளின் சத்திரம் அல்ல, நம் பறவைகளின் பிரசவ வீடு என்பது விளங்கும்.

அடையாளம் காண ஒரு குறுக்குவழி, பறக்கும்போது கழுத்தைப் பார்ப்பது. நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் மூன்றும் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கு, சாம்பல் நாரை, வக்கா கழுத்தை மடித்துக்கொள்ளும். பெயரில் நாரை இருந்தாலும் சாம்பல் நாரை கொக்கு இனம், குழம்ப வேண்டாம். மிகுதியாகத் தெரியும் நத்தைகுத்தி நாரைக்கு மூடிய அலகின் நடுவிலும் இடைவெளி இருக்கும். இளம்பறவைக்கு அது இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். மஞ்சள்மூக்கு நாரைக்கு மார்பில் கறுப்புப் பட்டை, வால்பக்கம் ரோஜா நிறம். தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்புபோல் நெளிந்தால் பாம்புத்தாரா. பின்பு அது கிளையில் இறக்கை விரித்து நிற்பது அழகு காட்ட அல்ல. அதன் இறகு நீரில் ஊறிவிடும், காயவைத்துக்கொண்டிருக்கிறது.

பொங்கல் விடுமுறையையும் ஞாயிறையும் கூடுமானவரை தவிருங்கள். கூட்டம் வந்தால் சத்தம் வரும். சத்தத்தில் அடைகாக்கும் பறவை எழுந்தால், அந்தச் சில நிமிடம் காக்கைக்கும் பருந்துக்கும் முட்டையும் குஞ்சும் திறந்து கிடக்கும். கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுப்பவர்களைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். பளிச்சிடும் சிவப்பு, வெள்ளை உடைக்குப் பதில் மண்நிறமோ பச்சையோ போதும்.

இந்தப் பறவைகள் இன்றும் இருப்பதற்கு ஊர்க்காரர்களே முதல் காரணம். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து காத்தவர்கள் அவர்கள். துப்பாக்கிக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்குக் கவுல் (எழுத்துமூல உறுதி) பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. தீபாவளிக்கு இங்கே பட்டாசுச் சத்தம் கேட்காது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்தப் பரப்பைச் சுருக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்ததற்கு வலுவான காரணம் உண்டு. மரம் ஏரிக்குள் இருக்கிறது, சாப்பாடு அந்த 5 கிலோமீட்டர் வயல்களிலும் குளங்களிலும்தான். 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரிக்கிலி, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாத்துகளையும், நீர்க்கரையில் இரை பொறுக்கும் உள்ளான்களையும் பார்க்க அதுதான் இடம். கூட்டமும் குறைவு. ஆனால் அங்கே வசதிகளை எதிர்பார்க்காதீர்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள். காலையில் கரிக்கிலி, மாலையில் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் நிறைவாக அமையும்.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, மதுராந்தகத்துக்கு முன்பாகப் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். பேருந்தில் வருபவர்கள் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ மாறி வரலாம். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வக்கா கிளம்பும் நேரத்தில் பேருந்தை நினைத்துக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவராது.