விலையைக் கூட்டுவதா, திறனைக் குறைப்பதா?

சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் சிற்றுருவச் சண்டை விளையாட்டை வடிவமைக்கும்போது ஒரு வீரன் மற்றவர்களை மிஞ்சிப்போனால், முதலில் அவனுடைய புள்ளி விலையில், அதாவது அவனைப் படையில் சேர்க்கச் செலவாகும் புள்ளிகளில், கைவையுங்கள். அதுதான் நுட்பமான கருவி. திறனை ஒரு படி மாற்றினாலே மாற்றம் பெரிது: அடி விழ 6 முகப் பகடையில் 4+ (4 அல்லது அதற்கு மேல்) தேவைப்படுபவனுக்கு 3+ கொடுத்தால் அடிகள் ஒரேயடியாக மூன்றிலொரு பங்கு கூடிவிடும். 12 புள்ளியை 13 ஆக்குவதோ ஏறத்தாழ 8 வீத மாற்றம்தான். வீரனின் திறன்கள் உள்ள அட்டையைத் திரும்ப அச்சடிக்கவும் தேவையில்லை.

ஆனால் வகுத்துப் பார்க்காமல் கூட்டக்கூடாது. 100 புள்ளிப் படையில் 10 புள்ளி வில்லாளர் 10 பேர். 11 ஆக்கினால் 9 பேர். 13 ஆனாலும் 14 ஆனாலும் 7 பேரேதான்! மிச்சப் புள்ளி 9இலிருந்து 2 ஆவதுதான் வித்தியாசம். அந்த மிச்சத்துக்கு வாங்க ஏதும் இருந்தால் மட்டும் அது உறைக்கும்.

விலைக்கு அடங்காதது எய்யும் தூரம். யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலைய மேசையில் 3 அடிச் சதுரம் விரித்தால் 36 அங்குலம். 24 அங்குலம் எய்பவனை நெருங்க, 6 அங்குலம் நகரும் வாள்வீரனுக்கு 4 நகர்வு வேண்டும். வில்லாளன் எவ்வளவு விலையானாலும் அந்த வெளி சுருங்காது. அங்கே தூரத்தை 18 ஆக்குங்கள். 3 நகர்வில் கைகலப்பு.

விலை, திறன் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிடிபடாது. ஒன்றை மட்டும் மாற்றி, இருவரும் படையை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடுங்கள்.